அண்ணனுக்கு ஓர் இயங்குதளம்

அண்ணனின் மடிக்கணினி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றின் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் வைத்து உயிரை விட்டது. அண்ணன் அதைத் துண்டில் சுற்றி, அடிபட்ட பூனைக்குட்டியைத் தூக்கி வருவதைப் போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, தங்கை வேலை பார்க்கும் பொது நூலகத்துக்கே வந்துவிட்டார்.

“ஸ்க்ரூ, இதுக்கு மூச்சு இருக்கான்னு கொஞ்சம் பாரு.”

ஸ்க்ரூ என்பது அவளுக்கு அண்ணன் வைத்த பெயர். ஒன்பது வயதில் அவள் வீட்டு வானொலியைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்ப மூட்டத் தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது அண்ணன் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தார். இருவரும் சேர்ந்து மூட்டி முடித்தபோது வானொலி பாடியது. ஒரே ஒரு திருகாணி மட்டும் மிச்சம். அன்று வைத்த பெயர்தான். இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. நூலகத்தின் பன்னிரண்டு கணினிகளும் ஒரு முரட்டுப் பிரிண்டரும் அவள் சொன்னால்தான் கேட்கும். ஆனாலும் அண்ணனுக்கு அவள் ஸ்க்ரூதான்.

அண்ணன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். முப்பது வருடமாக அதே வேலை. ‘அதைக் கண்டு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அதை கண்டு’ என்று எவனாவது எழுதிவிட்டால், அந்த ஓர் ஒற்றெழுத்துக்காக அச்சு இயந்திரத்தையே நிறுத்தச் சொல்கிற ஆள். அதனால் அச்சகத்தில் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை ‘ஒற்று’ என்றே கூப்பிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். கூப்பிடுகிறவர்கள் அதையாவது பிழையில்லாமல் சொல்கிறார்களே என்று திருப்திப்பட்டுக்கொள்வார்.

அவள் கணினியைத் திறந்து பார்த்தாள். ஹார்ட் டிஸ்க் முழுதாகப் போய்விட்டிருந்தது. மற்றபடி உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதின்மூன்று வயதுக் கிழம். நினைவகம் இரண்டே ஜிபி. இன்றைய இயங்குதளம் எதைப் போட்டாலும் அதைச் சுமக்க முடியாமல் படுத்துவிடும்.

“புதுசு ஒண்ணு வாங்கிடலாம் அண்ணா.”

“புதுசு எதுக்கு? இந்தக் கீபோர்டுல என் விரல் ஒவ்வொண்ணுக்கும் தனி இடம் இருக்கு. கண்ணை மூடிட்டு அடிப்பேன். புதுசுல போய் எல்லாத்தையும் முதல்லேருந்து தேடணுமா?”

“சரி, இதுல உனக்கு என்னென்ன வேணும்? சொல்லு.”

“மூணே மூணு. பக்கம் திறக்கணும். பிழை இருக்கற இடத்துல குறி போடணும். திருப்பி அனுப்பணும். மத்தது எதுவும் வேண்டாம்.”

அந்தப் பதில் அவளுக்குள் எதையோ முடுக்கிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கே இல்லாமல், பென் டிரைவிலிருந்தே எழுந்து ஓடுகிற இலகுவான இயங்குதளங்கள் உண்டு. யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். அப்படி ஒன்றை எடுத்து, வேண்டாததைக் கழற்றி, வேண்டியதை மாட்டி, மறுபடி ஒரே கோப்பாக மூட்டி பென் டிரைவில் எழுதிவிட்டால், இந்தக் கிழத்துக்கு இன்னும் ஐந்து வருடம் ஆயுள் கூடும்.

“நானே ஒண்ணு செஞ்சு தரேன்” என்றாள்.

“திருகாணி மிச்சம் வைக்காம செய்” என்றார் அண்ணன்.

சொன்னபடி அன்று மதிய உணவு இடைவேளையிலேயே உட்கார்ந்தாள். கையில் ரொட்டி, எதிரே நீளமான பட்டியல். இயங்குதளத்தோடு வருகிற நிரல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. சீட்டாட்டம்: வேண்டாம், அண்ணனுக்கு விளையாட்டு என்றால் குறுக்கெழுத்துப் போட்டியில் உள்ள தவறுகளைக் கண்டுபிடிப்பதுதான். வானிலை: வேண்டாம், ஜன்னல் இருக்கிறது. கேமரா: வேண்டவே வேண்டாம், புகைப்படம் என்றாலே பாஸ்போர்ட்டுக்கு நிற்பதைப் போல விறைத்துக்கொள்வார். இசை: இங்கே கொஞ்சம் யோசித்தாள். வேலை செய்யும்போது அண்ணன் பாட்டுக் கேட்பதில்லை, பாடுவார். அதையும் எடுத்தாள். பட்டியலில் ஒவ்வொரு பெயரின் மேலும் கோடு விழ விழ, அந்தப் பக்கத்தில் அண்ணனே மெல்ல மெல்லத் துலங்கி வருவதைப் போலிருந்தது அவளுக்கு. தமிழ் எழுத்துருக்கள் நான்கு, அவர் பழகிய தட்டச்சு முறை, பக்கம் திறக்கும் நிரல், அஞ்சல். கணினியைப் போட்டதும் நேராக அவர் வேலை பார்க்கும் கோப்புறை திறந்து நிற்கும்படி செய்தாள். திருத்திய வேலை தொலைந்துபோகாதிருக்க, பென் டிரைவிலேயே தனியாக ஓர் இடம் பிரித்து வைத்தாள். முதலில் நூலகக் கணினி ஒன்றில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டு முறை பாதியில் நின்றது. எதையோ கூடுதலாகக் கழற்றியிருக்கிறாள். தேடிப் பிடித்துத் திரும்ப மாட்டினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அது நிற்காமல் எழுந்து ஓடியது.

ஆசைக்கு ஒன்று செய்தாள். கணினி விழித்து வருகிற அந்த அரை நிமிடத்தில் திரையில் வெறும் கறுப்பு தெரிவதற்குப் பதிலாக, வெளிர்நீலத்தில் இரண்டு வரிகளை வரவைத்தாள்.

சனிக்கிழமை காலை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அரங்கேற்றம். அண்ணியும் வந்து நின்றாள். அண்ணி பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் கயிறு விடுமுறை நாளிலும் தொங்கும். பென் டிரைவைச் செருகி, விசையை அழுத்தினார்கள். நீலத் திரையில் எழுத்து வந்தது.

*வணக்கம். உங்கள் கணினி தயாராகிறது.*
*சற்று பொறுக்கவும்.*

“சற்றுப் பொறுக்கவும்” என்றார் அண்ணன்.

“பொறுத்துட்டுதானே இருக்கோம்” என்றாள் அண்ணி.

“அதில்லைம்மா. ‘சற்றுப்’. ப் எங்கே?”

ஒரு கண நேரம்கூட ஆகியிருக்காது. ஆறடி தள்ளி நின்றவர் அவர். கணினி முழுதாக விழிப்பதற்குள் அவர் அதில் முதல் பிழையைக் கண்டுபிடித்தாயிற்று. அண்ணி விசிலை எடுத்து ஒரு முறை ஊதினாள். “அவுட்!” தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்றே திருத்தி, இரண்டாவது படிமத்தைச் செய்து கொடுத்தாள். இப்படித் தயாராகும் கோப்பைப் படிமம் என்பார்கள். அந்தச் சொல்லை மட்டும் அண்ணன் திருத்தாமல் ஏற்றுக்கொண்டார், ரொம்ப நல்ல சொல் என்று சர்டிபிகேட்டும் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய நச்சரிப்பு ஆரம்பித்தது.

முதல் வாரம் போன் வந்தது. “எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லாருக்கும்.” பெரிதாக்கிக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து, “பின்னாடி இருக்கற வெள்ளை கண்ணைக் குத்துது. சாம்பல் கலர் வருமா?” வந்தது. அதற்குப் பிறகு, “அந்தச் சுட்டு முள்ளு, அதான் கர்சர், எங்கே போச்சுன்னே தெரிய மாட்டேங்குது. கொஞ்சம் தடியா, சிவப்பா பண்ணு.” பண்ணினாள். அப்புறம், ஒரு நேரத்தில் மூன்று வரிகள் மட்டும் தெரிந்து மற்றவை மங்கியிருக்க வேண்டுமாம். அதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

“மாப்பிள்ளை கேக்கற சீரைவிட அதிகமா இருக்கே அண்ணா உன் பட்டியல்” என்றாள்.

“செஞ்சு குடுக்கத் தங்கச்சி இருக்கான்னா கேக்கத்தானே செய்வேன்” என்றார்.

அவளுக்கு அலுப்பாக இல்லை. சொல்லப்போனால் உள்ளூர ஒரு சந்தோஷம். அம்மா அப்பா போன பிறகு, ஆளாளுக்கு வேலை என்று, மாதத்துக்கு ஒரு முறை பேசினாலே அதிகம் என்றாகியிருந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு போன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு படிமம். ஒவ்வொரு படிமத்துக்கும் ஒரு சனிக்கிழமை, ஒரு காபி.

ஏழாவது படிமத்தைச் செருகிய சனிக்கிழமை அண்ணி பள்ளிப் போட்டிக்குப் போயிருந்தாள். அண்ணனும் தங்கையும் மட்டும். திரை எழுந்தது. இந்த முறை எழுத்துகளை இன்னும் பெரிதாக்கும்போது அவள் அந்த வரிகளையும் புதிதாகத் தட்டச்சு செய்திருந்தாள். அவசரத்தில் செய்தது. திரையில் வந்த பிறகுதான் அவள் கண்ணில் பட்டது.

*வணக்கம். உங்கள் கணினி தயாரகிறது.*

‘தயாராகிறது’ இல்லை. ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. போச்சு, இன்றைக்குத் தொலைந்தேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் திரையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். “அழகா இருக்கு ஸ்க்ரூ” என்றார்.

அவள் காத்திருந்தாள். காபியை ஆற்றுகிற சாக்கில் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அரை நிமிடம் முழுதும் அந்த வரி, பலகையில் எழுதிய அளவுக்குப் பெரிதாக, அவருக்கு எதிரிலேயே நின்றது. பிறகு மறைந்தது. அண்ணன் காபிக்குக் கை நீட்டினார்.

வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அண்ணன் யாரிடம் வேண்டுமானாலும் இரக்கம் காட்டுவார், எழுத்துப்பிழையிடம் மட்டும் காட்டவே மாட்டார். அவளுடைய கல்யாணப் பத்திரிகையையே மூன்று முறை திருப்பி அனுப்பியவர்.

அவள் கைப்பையைத் திறந்தாள். கைப்பையில் நூலக அறிவிப்பு ஒன்றின் நகல் இருந்தது. திங்கட்கிழமை ஒட்ட வேண்டியது, இன்னும் யாரும் சரிபார்க்காதது. அதில் ஏழு பிழைகள் இருப்பது அவளுக்கே தெரியும்.

“அண்ணா, இதையும் ஒரு தடவை பாத்துடேன்.”

அண்ணன் காகிதத்தை வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்து, இடது கண்ணைச் சுருக்கி, வரியின் அடியில் ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டே படித்தார். முன்பெல்லாம் அண்ணன் ஒரு பக்கத்தைப் பார்க்கிற வேகத்துக்கு விரல் எங்கே ஈடுகொடுக்கும்! சிவப்புப் பேனாவால் நான்கு இடங்களில் சுழித்தார். காகிதத்தைத் திருப்பித் தந்தார். “அவ்வளவுதான்” என்றார்.

நான்கு. ஏழில் நான்கு.

பெரிய எழுத்து. சாம்பல் பின்னணி. தடித்த சிவப்பு முள். மூன்று வரி. தான் வாரக்கணக்காக விளையாட்டாகச் செய்து கொடுத்ததெல்லாம் என்னவென்று இப்போது அவளுக்கு விளங்கியது. அண்ணன் வாயைத் திறந்து சொல்லாததை, ஒவ்வொரு போனிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவள்தான் அதைக் கணினி வேலை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அண்ணா, எத்தனை நாளா?”

“எது எத்தனை நாளா?”

“கண்ணு.”

அண்ணன் காபிக் கோப்பையை ஒரு சுற்று சுற்றி வைத்தார். மறுக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் பொய் சொல்வது அவருக்கு வராத கலை.

“எட்டு மாசம் இருக்கும். இடது கண்ணுல. வரிக்கு நடுவுல யாரோ விரலை வெச்சு மறைக்கற மாதிரி. விரலைத் தள்ளிட்டுப் படிக்கலாம்னு பாத்தா, அது கூடவே வருது. இப்போ சில நாள் வலது கண்ணும் சோம்பலா இருக்கு.”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா வீடே மைதானம் ஆயிடும். சொல்லிடாதே ஸ்க்ரூ. சத்தியம் பண்ணு.”

“டாக்டர்கிட்டப் போகாம என்ன பண்ணிட்டிருக்கே?”

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள்.

“போனா ஏதாவது சொல்லுவாங்க இல்ல? சொல்லிட்டா அது நிஜமாயிடும். பிழை திருத்தறவனுக்குக் கண்ணு இல்லேன்னா அப்புறம் நான் யாரு? அச்சகத்துல என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?” கோப்பையை இன்னொரு சுற்று சுற்றினார். “போன மாசம் ஒரு பாடப் புத்தகத்துல ரெண்டு பிழை என் கையைத் தாண்டிப் போயிடுச்சு. முப்பது வருஷத்துல முதல் தடவை. யாரும் ஒண்ணும் சொல்லலை. அதுதான் தாங்கலை.”

தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தியமும் செய்து கொடுத்தாள். அண்ணியிடம் தன் வாயால் சொல்லமாட்டேன் என்று. அந்த ‘தன் வாயால்’ என்பதை அண்ணன் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவருக்கு எதையுமே கவனிக்கிற தெம்பு இல்லை.

திங்கட்கிழமை அவள் கண் மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். செவ்வாய் மதியம் எட்டாவது படிமம் தயார். முந்தியதை அணைத்துவிட்டு இதைப் போடு, ‘தயாரகிறது’ என்ற பிழையைத் திருத்தியிருக்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லி, பென் டிரைவைக் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். புதன்கிழமை காலை அண்ணன் கணினியைப் போட்டார். நீலத் திரை வந்தது. அவர் கேட்டிருந்தபடியே எழுத்து பெரிதாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பெரிதாக.

*நாளை வியாழன். காலை பத்து மணி. கண் மருத்துவர். நான் வருகிறேன். தொடர, ‘சரி’ என்பதை அழுத்தவும்.*

அதற்கு மேல் நகரவில்லை. ‘சரி’ என்ற ஒரே பொத்தான். அண்ணன் போன் செய்தார். கோபப்பட முயற்சி செய்கிற குரல்.

“‘வேண்டாம்’னு ஒரு பொத்தானையே காணோம்?”

“அதைக் கழட்டிட்டேன் அண்ணா. எடை குறையட்டும்னு.”

“‘பிறகு பார்க்கலாம்’?”

“அதுவும் ரொம்ப கனமா இருந்துச்சு.”

அவர் என்ன பதில் சொல்லியிருப்பாரோ, அதற்குள் பின்னணியில் ஒரு விசில் சத்தம் கேட்டது. நீளமாக, முழு மைதானத்துக்கும் கேட்கிற மாதிரி. அண்ணி பள்ளிக்குக் கிளம்பிக் கூடத்தைக் கடந்தவள், அங்கிருந்தே திரையைப் படித்துவிட்டாள். அண்ணனுக்குத் தெரிய வேண்டும் என்று பெரிதாக்கிய எழுத்து, வீட்டில் எல்லோருக்கும்தானே தெரியும்!

“கண் டாக்டர் யாருக்கு?” என்று அண்ணியின் குரல் போனுக்குள் வந்தது. பிறகு போன் கைமாறியது. “ஸ்க்ரூ, என்னம்மா இது? இந்த மனுஷனுக்கு என்ன?”

“அண்ணி, நான் சத்தியம் பண்ணிருக்கேன். அண்ணன்கிட்டயே கேளுங்க.”

அண்ணி போனை மேசையில் வைத்தாள். நாற்காலி இழுபடும் சத்தம். அண்ணன் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். அண்ணி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அது அந்த வீட்டின் சரித்திரத்திலேயே முதல் முறை. கடைசியில் போனை எடுத்த அண்ணி, “நாளைக்கு நானும் வரேன். லீவு போட்டாச்சு” என்று மட்டும் சொன்னாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மருத்துவமனையில் அண்ணனை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் தோன்றி மறையும். கண்ணில் படும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். தங்கையும் அண்ணியும் பின்னால் நின்றிருந்தார்கள். எந்தப் புள்ளி எப்போது வருகிறது என்பது பரிசோதகரின் திரையில் தெரிந்தது. வலது கண்ணுக்கு நன்றாகவே போனது: புள்ளி, கிளிக், புள்ளி, கிளிக். எப்போதாவது ஒன்று தவறியது. இடது கண்ணுக்கு மாற்றினார்கள். புள்ளி வந்தது. கிளிக் வரவில்லை. அடுத்த புள்ளி வந்தது. அண்ணன் ஆடாமல் அசையாமல், பிழையைத் தேடும்போது உட்காருவாரே, அதே கவனத்தோடு உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் அவர் எதிரிலேயே வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அண்ணி தங்கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே போனது.

மருத்துவர் ஒரு பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசுபவர்.

“கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பைக் கெடுத்திருக்கு. இடது கண்ல போன பார்வை திரும்ப வராது. அதை நான் மறைக்க விரும்பலை. ஆனா மிச்சம் இருக்கறதைக் காப்பாத்த முடியும். வலது கண் இப்போதான் ஆரம்பம். சொட்டு மருந்து போடணும், ஒரு நாள்கூட விடாம, ஆயுசு முழுக்க. இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தா என்கிட்ட வேற பேச்சு இருந்திருக்கும். இது வலிக்காது, அதனால யாரும் சீக்கிரம் வர மாட்டாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“ஒரு கால் விட்டுப்போச்சு டாக்டர்” என்றார் அண்ணன்.

மருத்துவர் சட்டென்று மேசைக்கு அடியில் குனிந்து அவர் கால்களைப் பார்த்தார். அண்ணி முதலில் சிரித்தாள். பிறகு தங்கை. பிறகு, அந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த அண்ணனும். துணைக்கால் என்றால் என்ன என்று மருத்துவருக்கு விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் பிடித்தது. அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை அண்ணன் அச்சக முதலாளியம்மாவிடம் தானே போய்ச் சொன்னார். சாக்குப்போக்கு எதுவும் இல்லாமல், நின்றுகொண்டே. இடது கண் பாதி போய்விட்டது, இரண்டு பிழைகளை விட்டுவிட்டேன், இனிமேல் என்னை வைத்துக்கொள்வதும் வேண்டாமென்பதும் உங்கள் விருப்பம். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். “முப்பது வருஷமா கண்ணாலயா படிச்சீங்க? நான் நீங்க மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிக்கறீங்கன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்” என்றார். முதல் வாசிப்பை இன்னொருவர் செய்யட்டும், கடைசி வாசிப்பு உங்களுடையதுதான், அதை விட்டு எங்கேயும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் இதைப் போனில் இரண்டு முறை சொன்னார், ஒரு சொல்கூட மாறாமல்.

வீட்டில் சொட்டு மருந்துக்குக் காலையும் மாலையும் விசில். அண்ணி ஒரு நாள் தவறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அந்த விசிலை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதாகப் பேச்சு.

தங்கை ஒன்பதாவது படிமத்தில் இறங்கினாள். இம்முறை ஒளிவுமறைவு இல்லை. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். கறுப்பில் மஞ்சள் எழுத்து. வரியின் தொடக்கத்தில் ஒரு பட்டை, கண் அடுத்த வரிக்குத் தாவும்போது தடுமாறாமலிருக்க. அதோடு, முதல் நாள் வேண்டாமென்று கழற்றிப் போட்ட ஒலிப் பகுதி முழுவதையும் திரும்பக் கொண்டுவந்து மாட்டினாள். திரையில் உள்ளதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் நிரல் ஒன்றைச் சேர்த்தாள். அதன் குரல், ஜலதோஷம் பிடித்த ஆள் வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு பேசுவதைப் போலிருந்தது. ழகரம் அதற்குச் சுத்தமாக வரவில்லை.

“இவனை முதல்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்” என்றார் அண்ணன்.

ஆனால் ஒரே வாரத்தில் அவனோடு சிநேகமாகிவிட்டார். கண் படிக்கும்போது ஒரே சொல் இரண்டு முறை வந்திருந்தால் பல சமயம் வழுக்கிக்கொண்டு போய்விடும், காது விடாது என்று கண்டுபிடித்தார். ‘அந்த அந்த’ என்று குரல் திக்கியதும் பிடித்துவிடுவார். வலது கண்ணும் இரண்டு காதுகளும் சேர்ந்து, கடைசி வாசிப்பு முன்பைவிட மெதுவாக, ஆனால் சல்லடையாக நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை அங்கே இருந்தபோது அண்ணன் வேலையை முடித்து மூடப் போனார். ஜலதோஷக் குரல் கேட்டது: “கோப்பை எங்கே வைக்கட்டும்?”

“கழுவி அலமாரியில வை” என்று சமையலறையிலிருந்து அண்ணி பதில் சொன்னாள்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அண்ணன் இன்னொரு கட்டளையைத் தேர்ந்தெடுத்தார். “கோப்பை நிரந்தரமாக அழிக்கவா?” என்றது குரல்.

“ஐயையோ, எந்தக் கோப்பை? உடைச்சிட்டீங்களா?” அண்ணி துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

வயிறு வலிக்கச் சிரித்து முடித்ததும் அண்ணன் திடீரென்று கவலைக்கு மாறினார். “ஸ்க்ரூ, இது நீ எழுதினதா?”

“இல்லை அண்ணா. இயங்குதளத்தோட வர்றது. எங்கேயோ இருக்கற ஆளுங்க, சும்மா ஆர்வத்துல தமிழாக்கம் பண்ணினது. உலகம் பூரா இதே வாசகம்தான்.”

“உலகம் பூராவா?” அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உலகம் பூரா கோப்பைங்கற? யாரும் கேக்கலையா?”

“கேட்டா திருத்துவாங்க. யார் வேணாலும் அனுப்பலாம்.”

இரண்டு மாதம். அச்சக வேலை போக மிச்ச நேரத்தில் அண்ணன் அந்த இயங்குதளத்தின் பட்டியல்களையும் பொத்தான்களையும் எச்சரிக்கைகளையும் ஒன்றுவிடாமல் காதால் கேட்டார். முன்னூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம். தங்கை அவற்றை உரிய வடிவத்தில் ஒழுங்குபடுத்தி, தமிழாக்கக் குழுவுக்கு அனுப்பினாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர், மிக மரியாதையாக எழுதியிருந்தார். இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை, முன்னூற்றுப் பதினொன்றை ஏற்றுக்கொள்கிறோம், அடுத்த பதிப்பில் வரும், ரொம்ப நன்றி. ‘கோப்பினை’ என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை, பொத்தானில் இடம் போதவில்லை.

அவள் சத்தமாகப் படித்து முடித்தபோது, முன்னூற்றுப் பதினொன்றைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தார்.

“எழுது” என்றார். “மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர். இடம் போதலைன்னா பொத்தானைப் பெருசாக்கணுமே தவிர...”

“இப்படியேவா எழுதறது?”

“எழுது. அப்புறம் மரியாதையா மாத்திக்கலாம்.”

அவள் தட்டச்சு செய்தாள். அண்ணி வாசலில் சாய்ந்து நின்று, கை கட்டி, இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பத்தியில் அண்ணன் இலக்கணத்துக்கு வந்தார். மூன்றாவது பத்தியை அவர் தொடங்கியபோது, இது இப்போதைக்கு முடியாது என்று தெரிந்து, தங்கை நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.